வெட்டும் ஒட்டும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. அறுபது நிமிடக் கேசட். அதன் முகப்பில் என் தந்தையாரின் கையெழுத்தில் 'அம்மா - 1989' என்று நீல மையால் எழுதியிருக்கும். அதில் பாட்டு எதுவும் இல்லை. என் அப்பாயி பேசிய பேச்சுத்தான் இருக்கிறது. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1996இல், அப்பாயி காலமாகிவிட்டார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதுவும் யாருடைய திருமணத்திலோ கூட்டத்தோடு எடுத்தது. முகத்தில் பாதியை முன்னால் நிற்பவரின் தோள் மறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே என்னைப் பொறுத்தவரை அப்பாயி என்றால் அந்தக் குரல்தான்.

அந்தக் குரலை ஒரு நாள் நான் அறுத்துவிட்டேன். எப்படி அறுத்தேன், அதை என் தந்தையார் எப்படி ஒட்டினார், அந்த ஒட்டு என்னை எந்தெந்த நாடுகளுக்கெல்லாம் அழைத்துச் சென்றது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் 1985 முதல் 2005 வரை எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திற்குப் பின்புறம் ஒரு ரிக்கார்டிங் கடை வைத்திருந்தார். காலிக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் மாலைக்குள் பதிவு செய்து வைத்திருப்பார். அந்நாளில் ஊரில் பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றிருந்தார்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். தொலைபேசிக் கட்டணம் கட்டுப்படியாகாத காலம். கடிதம் எழுதலாம் என்றால் அப்பாயிக்கு எழுதத் தெரியாது. எனவே தந்தையார் கடையிலிருந்து டேப் ரிக்கார்டரைத் தூக்கி வந்து திண்ணையில் வைத்து, "பேசு அம்மா, அண்ணன் கேக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாயி பேசினார். கேசட் கடல் கடந்து போயிற்று. பெரியப்பா அதன் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பினார். இப்படி எத்தனையோ குடும்பங்களில் கேசட்டே கடிதமாக இருந்த காலம் அது.

2017இல் எனக்கு வயது பன்னிரண்டு. ஒரு விடுமுறை நாளில் யாருக்கும் சொல்லாமல் பழைய டேப் ரிக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டேன். சிறிது நேரம் பேசிய குரல் திடீரென்று இழுபட்டது, பிறகு நின்றுவிட்டது. நாடா உள்ளே ரோலரில் சுற்றிக்கொண்டது. பதறிப்போய்க் கேசட்டை வெளியே இழுத்தேன். கருப்பு நாடா மீன் குடலைப்போல நீண்டு வந்து, கசங்கி, அறுந்தது.

தந்தையார் மாலையில் வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேசட்டை விளக்கின் அருகில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பதறாதே தம்பி. அறுந்ததை ஒட்டிரலாம். கசங்கினதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றினார். புதிய பிளேடு ஒன்றைப் பாதியாக உடைத்தார். கசங்கிய பகுதியை அளந்தார், எட்டு சென்டிமீட்டர். அதன் இருபுறமும் சாய்வாக வெட்டினார். நேராக வெட்டினால் ஒட்டு இருக்கும் இடத்தில் 'டப்' என்று கேட்குமாம். சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி மெல்லத் தேய்ந்து மற்றொன்று மெல்ல எழுமாம். கடை நாளிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒட்டு நாடாவில் ஒரு துணுக்கைக் கிள்ளி, காந்தப் பூச்சு இல்லாத பக்கத்தில் ஒட்டி, நகத்தால் தேய்த்தார். கால்மணி நேரத்தில் அப்பாயி மறுபடி பேசினார்.

கேசட்டில் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. எட்டு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1.7 நொடி. அந்த 1.7 நொடியில் இருந்தது என்ன தெரியுமா? பெரியப்பாவைப் பார்த்து அப்பாயி சொன்ன சொற்கள் இவை: "இந்த வருசம் மழை இல்லப்பா. நீ எப்ப வருவே?" இதில் 'இல்லப்பா, நீ' என்ற இரண்டு சொற்களும் போய்விட்டன. இப்போது அந்த இடத்தில் கேட்பது: "இந்த வருசம் மழை... எப்ப வருவே?"

மகனை அழைத்தவர் மழையை அழைப்பவர் ஆகிவிட்டார். (மறுபக்கத்தில் பெரியப்பாவின் இருமலில் பாதி போயிற்று. ஒரு பக்கத்துக்காக வெட்டினால் மறுபக்கத்திலும் வெட்டு விழும் அல்லவா!) வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம், 'நீ எப்ப வருவே' என்று கேட்ட குரல் இனி இல்லை. அது என்னால் போனது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு நெடுநாள் இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் பேராசிரியர் ஒலியியல் பாடம் நடத்தும்போது, தம் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நீராவி இயந்திரம் பெருமூச்சு விடுகிறது, ஊதல் ஒலிக்கிறது, சக்கரங்கள் தடதடக்கின்றன. மூன்று நிமிடம்கூட இல்லை. முடிந்ததும், "இதுவும் இசைதான்" என்றார். வகுப்பே சிரித்தது. "ஐயா, இதை நம்ம ஊர் ஸ்டேஷன்ல காசில்லாமலே கேக்கலாமே!" என்று பின்வரிசை நண்பர் ஒருவர் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். பேராசிரியர் கோபிக்கவில்லை. "இன்னொரு முறை கேளுங்கள்" என்று மறுபடியும் போட்டார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தடதடப்பு இயல்பாக ஓடவில்லை. யாரோ ஒருவர் அதை வெட்டியிருக்கிறார். வேறு ஒரு துண்டோடு சேர்த்திருக்கிறார். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வரச் செய்திருக்கிறார். எனக்கு உடனே எங்கள் வீட்டுக் கேசட் நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் சென்று, இதைச் செய்தவர் யார் என்று கேட்டேன். அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை.

அவர் பெயர் பியர் ஷேபர். 1910இல் பிரான்சில் பிறந்தவர். தந்தை வயலின் கலைஞர், தாய் பாடகி. ஆனால் மகன் படித்ததோ பொறியியல். பிரெஞ்சு வானொலியில் பொறியாளராகப் பணியாற்றினார். 1948இல் பாரிசு நகரத்து பாட்டிஞோல் ரயில் நிலையத்திற்குப் போய் இயந்திரங்களின் ஓசைகளைப் பதிவு செய்தார். அவற்றிலிருந்து உருவானதே நாங்கள் வகுப்பில் கேட்ட அந்த ரயில் ஆக்கம். 1948 அக்டோபர் 5ஆம் நாள் இதுவும் இதைப்போன்ற வேறு சில ஆக்கங்களும் 'இரைச்சல்களின் கச்சேரி' என்ற பெயரில் பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பாயின.

அப்போது அவரிடம் ஒலிநாடா இல்லை, இசைத்தட்டுகள்தாம் இருந்தன. இசைத்தட்டில் வரி உள்நோக்கிச் சுருண்டு செல்லும் என்பதை நாம் அறிவோம். ஷேபர் ஒரு சுற்றின் முடிவை அதே சுற்றின் தொடக்கத்தோடு சேருமாறு வெட்டினார். முள் அந்த வட்டத்தை விட்டு வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி ஒரே ஒலியைப் பாடும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் ஒரு சுற்றுக்கு முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். கீறல் விழுந்த தட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். நமக்கு அது கோளாறு. அவருக்கு அது கருவி.

அவர் செய்த மற்றொரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு மணியோசையைப் பதிவு செய்தார். ஆனால் மணியில் அடி விழும் அந்தக் கணத்தை நீக்கிவிட்டு, அதன் பிறகு வரும் ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்படிக் கேட்டபோது அது மணியாகவே தோன்றவில்லை. ஏதோ ஊதுகருவிபோல ஒலித்தது. ஓர் ஒலியை இன்னதென்று நம் செவி அடையாளம் காண்பதற்கு அதன் தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வெட்டினால் அவர் காட்டிவிட்டார். அப்பாயியின் பேச்சில் இரண்டு சொல் போனதும் மகன் மழையானது போலத்தான் இதுவும் என்று எனக்குத் தோன்றியது.

தம் முறைக்கு அவர் 'மியூசிக் கான்க்ரெட்' என்று பெயரிட்டார். நம் வழக்கில் தூலம், சூக்குமம் என்று சொல்கிறோம் அல்லவா? அதன்படி இதைத் தூல இசை எனலாம். மற்ற இசையமைப்பாளர்கள் மனத்தில் சூக்குமமாக எழுந்ததைத் தாளில் எழுதி, பிறகு கலைஞர்களைக்கொண்டு ஒலியாக்குவார்கள். இவரோ உலகில் தூலமாக இருக்கும் ஒலியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு, அதிலிருந்து இசைக்குச் செல்கிறார்.

உண்மையில் இந்தப் பாதையில் இவருக்கும் முன்னே ஒருவர் நடந்திருக்கிறார். எகிப்து நாட்டின் ஹலிம் எல்-தப் 1944இல் கெய்ரோ நகரில் கம்பியில் ஒலியைப் பதியும் பெரிய கருவி ஒன்றை வானொலி நிலையத்திலிருந்து கடன் வாங்கினார். பேயோட்டுவதற்காகப் பெண்கள் நடத்தும் 'ஸார்' என்னும் சடங்கின் பாட்டை அதில் பதிவு செய்தார். நிலையத்துக்குத் திரும்பி, அந்தப் பதிவை எதிரொலிக்கச் செய்தும் அதன் சில பகுதிகளை நீக்கியும் புதிய ஆக்கமாக மாற்றினார். வரலாற்று நூல்களில் பாரிசுக்குக் கிடைத்த இடம் கெய்ரோவுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

1950களில் ஒலிநாடா பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. ஜெர்மனியில் 1930களிலேயே உருவாகி, போருக்குப் பின் உலகெங்கும் சென்ற கருவி அது. நாடா வந்ததும் இசையமைப்பாளரின் மேசையில் ஒரு பிளேடும் அளவுகோலும் ஏறின. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியது. அப்படியானால் அரை நொடி என்பது 19 சென்டிமீட்டர். கால் நொடி ஒன்பதரை சென்டிமீட்டர். காலத்தை அளவுகோலால் அளக்கவும் பிளேடால் நறுக்கவும் மனிதனுக்கு முடிந்தது! நாடாவைத் திருப்பி ஓட்டினால் ஒலி பின்னோக்கிச் செல்லும். பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இரு முனைகளையும் சேர்த்து வளையமாக ஒட்டினால் ஒலிக்கு முடிவே இல்லை. வெட்டு, ஒட்டு, திருப்பு, வேகம் மாற்று, வளையமாக்கு: இந்த ஐந்தும்தான் புதிய இசையின் அரிச்சுவடி.

இந்த அரிச்சுவடியைக்கொண்டு ஜெர்மனியின் கொலோன் வானொலிக் கூடத்தில் ஸ்டாக்ஹவுசன் என்பவர் ஒரு சிறுவனின் குரலையும் மின்கருவிகள் எழுப்பிய ஒலிகளையும் கலந்து 1956இல் ஓர் ஆக்கத்தை அரங்கேற்றினார். ஆனால் என் மனத்தை முழுவதும் ஆட்கொண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அவர் பெயர் டீலியா டெர்பிஷயர்.

டீலியா 1937இல் கவென்ட்ரி நகரில் பிறந்தார். 1940இல் அந்நகரின் மீது குண்டுமாரி பொழிந்தபோது அவர் மூன்று வயதுக் குழந்தை. அபாயச் சங்கின் ஏறி இறங்கும் ஒலியே தம் செவியில் படிந்த முதல் மின்னிசை என்ற பொருளில் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்றுத் தேர்ந்தார். 1959இல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1960இல் பி.பி.சி.யில் சேர்ந்து, 1962இல் அதன் 'ரேடியோபோனிக் ஒர்க்ஷாப்' என்ற ஒலிப் பட்டறைக்குச் சென்றார். டாப்னி ஓரம் என்ற பெண்மணியும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் 1958இல் தொடங்கிய பட்டறை அது. நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வேண்டிய புதுமையான ஒலிகளை அங்கே செய்தார்கள்.

1963இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை வேண்டியிருந்தது. ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் மெட்டை எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டீலியாவுடையது. அன்றைக்கு விசைப்பலகையைத் தட்டினால் விதவிதமான ஒலி தரும் கருவி எதுவும் அங்கில்லை. ஒரு கம்பியைச் சுண்டி, அந்த ஒலியைப் பதிவு செய்தார். சோதனைச் சாலையில் நாம் பயன்படுத்தும் ஆசிலேட்டரின் ஒலியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சுரத்துக்கும் வேண்டிய வேகத்தில் நாடாவை ஓட்டிப் பதிவு செய்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் வசதி அங்கில்லாததால், பல கருவிகளைக் கைவிரலால் ஒரே கணத்தில் இயக்கித்தான் கலக்க வேண்டியிருந்தது. ஒரு முறை எங்கோ ஒரு சுரம் பிசகிவிட்டது. எந்த இடம் என்று காதுக்குப் பிடிபடவில்லை. டீலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் அந்த நாடாக்களை நீண்ட தாழ்வாரத்தில் அருகருகே விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஓரிடத்தில் ஒட்டுகள் வரிசை தவறி நின்றன. பிழையைக் காதால் கண்டுபிடிக்க முடியாதபோது காலால் நடந்து கண்ணால் கண்டுபிடித்தார்கள்!

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், இதையா நான் எழுதினேன் என்று வியந்தாராம். தம் வருவாயில் பாதியை டீலியாவுக்குத் தர விரும்பினார். ஆனால் பட்டறையில் பணிபுரிவோரின் பெயரை வெளியிடும் வழக்கம் அப்போது இல்லை. தொடர் 1963 நவம்பர் 23இல் தொடங்கியது. இசை உலகப் புகழ் பெற்றது. டீலியாவின் பெயர் திரையில் வரவில்லை. 1973இல் அவர் அந்தப் பணியை விட்டு விலகினார், 2001இல் காலமானார். அதன் பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. அத்தொடரின் பொன்விழாச் சிறப்புப் படத்தில், 2013இல்தான், அவர் பெயர் முதன்முறையாகத் திரையில் வந்தது. ஐம்பது ஆண்டுகள்!

இந்தப் பட்டறைக் கலை எளிய மக்களின் பாட்டுக்கு எப்படி வந்தது? 1966 ஏப்ரலில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் 'ரிவால்வர்' என்ற இசைத்தட்டின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஸ்டாக்ஹவுசனின் ஆக்கங்களைக் கேட்டிருந்த பால் மெக்கார்ட்னி, வீட்டிலேயே நாடா வளையங்களைச் செய்து ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த கருவிகளில் அவற்றை ஓடவிட்டு, நாடா தொய்ந்துவிடாமல் பென்சிலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் நின்றார்கள். ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வொரு வளையத்தின் ஒலியையும் ஏற்றியும் இறக்கியும் அந்தக் கணத்திலேயே கலந்தார்கள். அதே கலவையை இன்னொரு முறை செய்ய அவர்களாலேயே முடியாது. மறு ஆண்டு, 1967இல், அக்குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டின் உறையில் பலருடைய முகங்களுக்கு நடுவே ஸ்டாக்ஹவுசனின் முகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லும் முறையில் இதுவும் ஒன்று போலும்!

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி என்பவர் வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவராக இருந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர், பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை நீக்கி, பறையையும் பேஸ் கிட்டாரையும் முன்னே கொண்டுவந்து, எதிரொலியைச் சேர்த்து, ஒரே பாட்டிலிருந்து வேறொரு பாட்டைச் செய்தார். 'டப்' என்ற இசை வகை இப்படி வளர்ந்தது. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், பாட்டின் இடையே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக்கொண்டு நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். மக்கள் ஆடினார்கள். ஹிப்-ஹாப் பிறந்தது. ஷேபர் தட்டில் வெட்டிய வட்டத்தை இவர் கையாலேயே செய்துவிட்டார். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான 'ஃபேர்லைட்' என்ற கருவி, எந்த ஒலியையும் எண்களாக மாற்றி விசைப்பலகையில் வாசிக்கும்படி செய்தது. அதன் பிறகு பிளேடுக்கு வேலை குறைந்தது. இன்று நம் கைப்பேசியில் ஓர் ஒலித்துண்டை விரலால் தொட்டு வெட்டுகிறோம், ஒட்டுகிறோம், திருப்புகிறோம், சுழலவிடுகிறோம். அதே ஐந்து எழுத்து அரிச்சுவடிதான்!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞரின் துணையோடு 'மூக்' என்னும் மின்னிசைக் கருவி கொண்ட ஒரு கூடம் அமைந்தது. கீதா சாராபாய் முதலிய நம்மவர்கள் அங்கே சில ஆண்டுகள் சோதனை செய்தார்கள். அந்த நாடாக்கள் நிறுவனத்தின் அலமாரியில் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. இங்கிலாந்துப் பரணானாலும் அகமதாபாத் அலமாரியானாலும் கதை ஒன்றுதான்.

இத்தனைக்கும் வழிகாட்டிய ஷேபர் முதுமையில் என்ன சொன்னார் தெரியுமா? 1986இல் ஒரு பேட்டியில், சுரங்களுக்கு வெளியே இசை இல்லை, நாற்பது ஆண்டுகளை வீணாக்கிவிட்டேன் என்ற பொருள்படக் கூறினார். இதைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் வருத்தமாக இருந்தது. அவர் 1995இல் மறைந்தார். அவர் தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ரயிலின் ஓசையை மூன்று முறை கேட்க வைத்து என் செவியைத் திறந்தவர் எப்படித் தோற்றவர் ஆவார்?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் கணினி அறிவியல் படிக்கும் என் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். கேசட்டின் கதையைக் கேட்டுவிட்டு, "இது ஒரு பெரிய விஷயமா? அப்பாயி குரல்தான் அரை மணி நேரம் இருக்கே. செயற்கை நுண்ணறிவுகிட்ட கொடுத்தா அந்த ரெண்டு சொல்லையும் அதே குரலில் பேசிக் கொடுத்துரும். ஒட்டே தெரியாது" என்றார். என் நெஞ்சு படபடத்தது. எட்டு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருந்த பிழையை எட்டு நிமிடத்தில் திருத்திவிடலாம்! பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்!

தந்தையாரிடம் சொன்னேன். பழைய மிக்சி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "பேசுறது யாரு?"

"அப்பாயி குரல்தாம்ப்பா."

"குரல் சரி. பேசுறது யாருங்கிறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "நான் வெட்டுனேன், ஒட்டுனேன். ஆனா அதுல இருக்கிறது எல்லாம் அவ பேசுனது. ஒரு சொல்லு நான் சேக்கலை. வெட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அங்க ஒண்ணு அறுந்துச்சுன்னு கேக்கிறவனுக்குத் தெரியணும்ல?"

அவர் ஷேபரைப் படித்தவர் அல்லர். டீலியாவின் பெயரைக் கேட்டவரும் அல்லர். இருபது ஆண்டுகள் ஹெட்டைப் பஞ்சால் துடைத்து, நாடாவை வெட்டி, ஒட்டி, காது கொடுத்துக் கேட்டவர். டீலியா சுரங்களைத் தாமே உண்டாக்கினார், அது கலை. ஆனால் அதை இன்னொருவர் வாய்ச்சொல் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டவும் ஒட்டவும் புதிதாக ஆக்கவும் கருவிகள் நமக்குக் கற்றுக் கொடுத்துவிட்டன. எதை வெட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்பதை எனக்குத் தந்தையார் அன்று உணர்த்தினார்.

மறுநாள் நானும் அவரும் சேர்ந்து அந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றினோம். ஒட்டு அப்படியே இருக்கிறது. பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். "அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டா. என் காதுல இருக்கு. நீ அதுக்காக விசனப்படாதே" என்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மனம் இலேசாயிற்று.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் கிடக்கலாம். தாத்தா பேசியதோ, அத்தை தாலாட்டியதோ, ஊர்த் திருவிழாவில் பதிவானதோ, எதுவாயினும் சரி. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்துகொண்டே வருகிறது. அதை ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. எடுத்துத் தூசி தட்டுங்கள். அவசரப்பட்டு நான் இழுத்ததுபோல இழுத்துவிடாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கணினிக்கு மாற்றுங்கள். பேசியவர் யார், பதிவு செய்தவர் யார், ஆண்டு எது என்பதை மறவாமல் எழுதி வையுங்கள். ஒரு பெயர் திரைக்கு வர ஐம்பது ஆண்டு காத்திருந்த கதையை இப்போது நீங்களும் அறிவீர்கள்.

இவ்வாண்டும் எங்கள் ஊரில் மழை பிந்திவிட்டது. வீட்டில் யாராவது வானத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டால், தந்தையார் அப்பாயியின் குரலை ஓடவிடுகிறார். "இந்த வருசம் மழை... எப்ப வருவே?" என்று அப்பாயி கேட்கிறார். அந்த வெட்டு இருக்கும் இடத்தில் நான் ஒரு கணம் மூச்சை நிறுத்திக் கேட்கிறேன்.

விடுபட்ட அந்த இரண்டு சொல்லும் இப்போது எனக்கும் கேட்கின்றன.